முதலில் பதில் சொன்ன பெட்டி

எங்கள் கட்டடத்தில் கம்ப்யூட்டர் தேர்வு நடக்கும் நாளில் ஜெனரேட்டர்காரன் கீழ்த்தளத்தை விட்டு நகரக் கூடாது. கரண்டு போனால் பேட்டரி எட்டு நிமிஷம்தான் தாங்கும். அதற்குள் நான் கைப்பிடியைத் திருப்பி ஜெனரேட்டருக்கு மாற்றிவிட வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவன் ஒரு தேர்வன்று பீடி பிடிக்க வெளியே போனான். ஒன்பதாவது நிமிஷம் மேலே அறுபது திரைகளும் அணைந்தன. மறுநாள் அவனுக்குச் சீட்டுக் கிழிந்தது. அந்த நாற்காலியில்தான் மூன்று வருஷமாக நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன் மூட்டை தூக்கினேன். முதுகு போய்விட்டது. முதுகை அறுத்துச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அந்தச் செலவுக்காகத்தான் என் மனைவி கடல் தாண்டி ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். முதுகு எப்போதோ ஆறிவிட்டது. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் ஜெனரேட்டர், எதிர்ப்பக்கம் பேட்டரி அலமாரி, நடுவில் நான். சுவரோரம் கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். கட்டடத்தின் கம்ப்யூட்டர் வயர்கள் எல்லாம் அதற்குள் வந்துதான் பிரிந்து போகும். உள்ளே பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டே இருக்கும். பேச்சுத் துணை என்றால் அதுதான். கைபேசியில் அங்கே சிக்னல் ஒரு கோடுகூட ஏறாது.

அவளுக்குச் சொந்தமாகக் கைபேசி கிடையாது. அந்த வீட்டில் விடமாட்டார்கள். வியாழக்கிழமைகளில் அந்த வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள், இவளும் துணைக்குப் போவாள். அங்கே காத்திருக்கும்போது டிரைவர் பாவம் பார்த்துத் தன் கைபேசியைக் கொடுப்பார். இன்டர்நெட் வழியாகத்தான் கூப்பிடுவாள். இங்கே அப்போது பத்தரை மணி இருக்கும். பத்து நிமிஷம் பேசலாம், மிஞ்சினால் பதினைந்து. நான் திருப்பிக் கூப்பிட்டால் டிரைவர் யார் முன்னால் எடுப்பார், எந்தச் சிக்கல் அவளுக்கு வரும் என்று சொல்ல முடியாது. அதனால் நான் கூப்பிடுவதில்லை. வியாழன் தவறாமல் பத்து இருபதுக்கே படியேறி, வாசல் கேட்டருகே கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

அந்த வியாழக்கிழமை அவள் குரல் கொஞ்சம் அவசரமாக இருந்தது.

"ஏங்க, அடுத்த வியாழன் மத்தியானம் ஏஜெண்ட் பேப்பரோட வர்றாரு. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு."

"சரி."

"என்ன சரி? கையெழுத்து போடவா, வேணாமா?"

"அது உன்..."

"உன் இஷ்டம்னு சொல்லாதீங்க. போன தடவையும் அதைத்தான் சொன்னீங்க. நானும் போட்டேன். அது என் இஷ்டமா?"

கேட்டுக்கு வெளியே ஒரு லாரி திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு வாரம் இருக்கு. யோசிச்சு வைங்க. அடுத்த வியாழன் கூப்பிடுறேன். போடுன்னா போடுன்னு சொல்லுங்க, வான்னா வான்னு சொல்லுங்க. உங்க வாயால வரணும். ஒண்ணும் வரலைன்னா போட்டுடுவேன்."

யோசிக்க ஒரு வாரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் அறைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது. கட்டிலில் சுவரோரத்துப் பாதியில் நான் நாலு வருஷமாகப் புரண்டு படுத்ததில்லை. அந்தப் பக்கம் விரிப்பு இன்னும் புதுசு போல மொடமொடவென்று இருக்கும். வந்துடு என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை என்பதால் மறுநாள் வேலைக்கு வந்து பேட்டரி அலமாரியிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். குரல் சரியாக வரவில்லை. கடைக்காரனிடம் மிச்சம் கேட்பதுபோல இருந்தது.

சனிக்கிழமை அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். வியாழக்கிழமை பத்து மணிக்குத் தேர்வு. மூன்று மணி நேரம்.

மேனேஜரிடம் போனேன்.

"வியாழன் பத்தரைக்கு ஒரு பத்து நிமிஷம் மேல போயிட்டு வந்துடவா சார்?"

"பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்கும்?"

"எட்டு."

"அப்போ நீயே சொல்லு."

திரும்பி வந்துவிட்டேன்.

கைபேசியை வாசல் காவலாளியிடம் கொடுக்கலாமே என்று தோன்றாமலில்லை. அவனை எல்லோரும் விசில் என்போம். கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டிருப்பான், ஒரு நாளும் ஊதியதில்லை, ஊதுகிற வேலையையெல்லாம் வாயே செய்துவிடும். அவனிடம் ஒரு விஷயம் சொன்னால் கட்டடத்துக்கே ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. அதோடு, உங்க வாயால வரணும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

பழைய சாமான் கடைக்காரர்தான் வழி சொன்னார். இரண்டு கொம்பு வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். வைஃபை பெட்டி.

"நீங்க இருக்கிற இடத்துல சுவத்துல கம்ப்யூட்டர் வயர் சொருகுற ஓட்டை இருக்கா? அங்கேருந்து ஒரு வயர் இதுக்குக் கொடுங்க. கரண்டு கொடுங்க. போன்ல கோடு ஏறும்."

"இதுல எந்த ஓட்டையில?"

"பின்னாடி இருக்கு பாருங்க. பார்த்தா தெரியும்."

வியாழன் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். பெட்டியைத் திருப்பினால் பின்னால் ஐந்து ஓட்டைகள். நாலு மஞ்சள், ஒரே வரிசையில். ஒன்று மட்டும் நீலம், கொஞ்சம் தள்ளி. வழி தெரியாத ஊரில் கூட்டமாக நிற்கிற நாலு பேரிடம்தானே விசாரிப்போம், தள்ளி நிற்கிறவனிடமா போவோம்? மஞ்சளில் ஒன்றில் சொருகினேன். சுவரில் மறுமுனை. கைபேசியைப் பெட்டியோடு சேர்க்க அதன் வயிற்றில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்க வேண்டியிருந்தது. அவள் போன பிறகு, நாற்பத்தேழு வயதில்தான் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். விரலை வைத்து எல்லாவற்றையும் படித்தேன், தேவையில்லாததையும் சேர்த்து. 192.168 என்று ஓர் எண், அப்புறம் கடவுச்சொல். அடித்ததும் கைபேசியில் மூன்று கோடு ஏறியது. அந்தக் கீழ்த்தளத்தில் மூன்று கோடு. சந்தோஷத்தில் பெட்டியை டீசல் கேனுக்குப் பின்னால் வைத்து, எண்ணெய்த் துணியால் மூடி, எதிரில் உட்கார்ந்துகொண்டேன். வந்துடு என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லாமல் வந்தது.

ஒன்பதேகாலுக்குப் படியில் தடதடவென்று சத்தம். சிஸ்டம் மேடம். கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அந்த அம்மாதான். மடிக்கணினியை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு வந்து, நேராக இரும்புப் பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்தார்.

"என்ன மேடம், கரண்டுல ஏதாவதா?"

"கரண்டு நல்லாத்தான் இருக்கு அண்ணே. மிஷினுங்க எழுந்திரிக்க மாட்டேங்குது. அறுபதுல பதினொண்ணுதான் எழுந்திருக்கு. மிச்சம் கறுப்புத் திரையில ரெண்டு வரி எழுதிட்டு அப்படியே நிக்குது."

அந்தக் கம்ப்யூட்டர்களை லாரியிலிருந்து இறக்கி மேலே ஏற்றியவர்களில் நானும் ஒருவன். தூக்கியபோது கனமே இல்லை. உள்ளே ஏதாவது வைக்க மறந்துவிட்டார்களா என்று கேட்டதற்கு, உள்ளே எதையும் சேர்த்து வைக்கும் தட்டே இல்லை, மண்டை காலி, அப்படித்தான் வாங்கியிருக்கிறோம் என்று மேடம் சிரித்தார். தேர்வுக் கேள்விகளை யாரும் அதில் பதுக்க முடியாதாம்.

"எழுந்ததும் தன் பேர்கூடத் தெரியாத ஜென்மங்க அண்ணே இதுங்க," என்றார் இப்போது, வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே. என்னிடம் சொல்வதாகத் தெரியவில்லை, கைக்குத் துணையாக வாய் பேசிக்கொண்டிருந்தது. "ஸ்விட்சைப் போட்டதும் வயர்ல கத்தும். நான் யாரு, என் நம்பர் என்ன, யாராவது இருக்கீங்களான்னு. மேல என் ரூம்ல பெரிய மிஷின் இருக்குல்ல, அது பதில் சொல்லும். இந்தா உன் நம்பர், இந்த ஃபைலை வந்து எடுத்துக்கோன்னு. இது போய்க் கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் எடுத்து முழுங்கி, ரெண்டு நிமிஷத்துல ஆளாயிடும். தினம் இதே கதைதான். அணைச்சா அத்தனையும் மறந்துடும்."

"இன்னைக்குப் பெரிய மிஷின் பதில் சொல்லலையா?"

"சொல்லுது. அதுக்கு முன்னாடி வேற எவனோ சொல்லிடுறான். இதுங்களுக்கு விவரம் பத்தாது. முதல்ல யார் குரல் கொடுக்கிறாங்களோ அவங்கதான் தாய் தகப்பன். அவன் நம்பர் மட்டும் கொடுத்துட்டு, ஃபைல் எங்கேன்னு சொல்லாம கம்முன்னு இருந்துடுறான். மிஷின் அந்த நம்பரைக் கையில வச்சுக்கிட்டு முழிக்குது."

"யாரு மேடம் அவன்?"

"அதைத்தான் தேடுறேன். நம்ம நம்பர் எல்லாம் பத்துல ஆரம்பிக்கும். இவன் கொடுக்கிறது நூத்தித் தொண்ணூத்திரண்டு, நூத்தி அறுபத்தெட்டுன்னு ஆரம்பிக்குது. எவனாவது எங்கேயாவது ஒரு பெட்டியைச் சொருகி வச்சிருப்பான். நாலு மாடி, எத்தனை ஓட்டைன்னு போய்ப் பார்க்கிறது? பத்து மணிக்கு எழுந்திரிக்கலைன்னா தேர்வு ரத்துன்னு தேர்வு நடத்த வந்த ஆபீஸர் சொல்லிட்டார்."

அந்த எண்ணைக் காலையில்தான் விரல் வைத்துப் படித்திருந்தேன்.

கடிகாரத்தில் ஒன்பது முப்பத்திரண்டு. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவள் கூப்பிடுவாள். இப்போது பிடுங்கிவிட்டு, மேலே எல்லாம் எழுந்த பிறகு, பத்து இருபத்தைந்துக்குத் திரும்பச் சொருகினால் என்ன? ஒரு பத்து நிமிஷம். யாருக்குத் தெரியப்போகிறது?

"மேடம், ஒரு தடவை எழுந்துட்டா அப்புறம் கேக்காதுல்ல?"

"எது?"

"மிஷின். நான் யாருன்னு."

"நடுவுல ஒண்ணு நின்னுபோச்சுன்னா அணைச்சுப் போடணும். அப்போ முதல்லேருந்து கேக்கும். ஏன் அண்ணே?"

ஒவ்வொரு தேர்விலும் ஒன்றாவது நின்றுபோகும். இது எனக்கே தெரியும், மேடம் ஓடுகிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் நின்றுபோனால், அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவன் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனும் எந்த வீட்டில் யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறானோ.

எழுந்து போய்த் துணியை எடுத்தேன்.

மேடம் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குனிந்து வயரைப் பிடுங்கினார்.

"எப்போலேருந்து?"

"காலையில ஏழு மணிலேருந்து."

"எதுக்கு?"

"வீட்டுக்காரி பத்தரைக்குக் கூப்பிடுவா. இங்கே கோடு ஏறாது."

மடிக்கணினியில் எதையோ தட்டினார். தட்டிக்கொண்டே, "நீலத்துல சொருகியிருந்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது அண்ணே. மஞ்சள்ல சொருகினதால இது ஊருக்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பிச்சிருச்சு."

"அப்போ நீலத்துல மாத்திச் சொருகட்டுமா?"

"ஆபீஸர் மேல உட்கார்ந்திருக்கார். வெளிப்பெட்டி எதுவும் வயர்ல இல்லைன்னு எழுதி வாங்கியிருக்கார் என்கிட்ட. நான் எழுதிக் கொடுத்திருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மஞ்சள்ல இருந்தா உங்களுக்கும் போன் வந்திருக்காது. கோடு மட்டும் காட்டும். அந்தப் பக்கம் இன்டர்நெட்டுக்கு வழியே கிடையாது."

பெட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். காலையிலிருந்து அந்த மூன்று கோட்டை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். அதற்குப் பின்னால் ஒன்றுமே இருக்கவில்லை.

ஒன்பது நாற்பத்தெட்டுக்கு இரும்புப் பெட்டியின் விளக்குகள் ஒன்றாய்த் துடிக்க ஆரம்பித்தன. இத்தனை வேகமாக நான் பார்த்ததில்லை. மேலே எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் கேட்கின்றன, கேட்டதெல்லாம் கிடைக்கிறது. இரண்டு நிமிஷம். அப்புறம் விளக்குகள் பழையபடி சோம்பலாக மினுக்கின. நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

பத்தே கால் போல விசில் டீ கொண்டு வந்தான். தேர்வு நாளில் எனக்கு டீ கொடுப்பது அவன் பொறுப்பு.

"என்ன டீசலு, முகம் ஏன் வடிகட்டாத எண்ணெய் மாதிரி இருக்கு?"

கைபேசியை எடுத்து நீட்டினேன்.

"இது எனக்கா? நீ நல்லவன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

"விளையாடாத. பத்தரைக்கு என் வீட்டுக்காரி கூப்பிடுவா. எடுத்து நான் சொல்றதைச் சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"கையெழுத்து போட வேணாம்னு சொல்லு."

"சரி. கையெழுத்து போட வேணாம். அவ்வளவுதானா?"

தம்ளரைப் பார்த்தேன். டீயில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது.

"வந்துடச் சொல்லு."

விசில் வாயை மூடி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் அவனாலும் தாங்க முடியவில்லை. "என் பொண்டாட்டி ரெண்டு நாள் வெளியூர் போனா நான் கேட்டைத் திறந்து விசில் ஊதி அனுப்புவேன்டா," என்றான். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டு படியேறினான்.

பத்தரை ஆனது. ஐந்து நிமிஷம் போனது. அந்த நேரத்தில் கரண்டு போய்விடக் கூடாதே என்று கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை படியில் காலடி கேட்ட மாதிரி இருந்தது. எழுந்தேன். யாரும் இல்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது விசில் வந்தான். மெதுவாக வந்தான்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. பத்து முப்பத்திரண்டுக்கு."

"சொன்னியா?"

"வார்த்தை பிசகாம சொன்னேன். உங்க வீட்டுக்காரர் கீழே மாட்டிக்கிட்டார், நான் கேட்ல இருக்கிறவன்னு சொன்னேன். கையெழுத்து போட வேணாமாம், வந்துடச் சொன்னார்னு சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"சிரிச்சிச்சு."

நான் காத்திருந்தேன்.

"'அண்ணே, அவரு அப்படிச் சொல்ற ஆளே இல்லை. நீங்களா பாவம் பார்த்துச் சொல்றீங்க'ன்னுச்சு. நான் சத்தியம் பண்ணேன்டா. 'பத்தொன்பது வருஷத்துல அவர் வாயிலேருந்து வராதது இன்னைக்கு உங்க வாயிலேருந்து வந்தா நான் எப்படி நம்புவேன், வேற என்ன சொன்னாரு சொல்லுங்க'ன்னுச்சு. வேற என்னன்னு எனக்கு என்ன தெரியும்? நீ வேற ஒண்ணும் சொல்லலையே."

"கீழே ஓடி வந்து கேட்டிருக்கலாம்ல?"

"வந்தேன். 'இருங்கம்மா, அவரையே கேட்டுட்டு வர்றேன்'னு பாதிப் படி இறங்கினேன். லைன் போச்சு. இங்கே இழவு கோடு ஏறாதுன்னு மறந்துட்டேன். திரும்ப ஏறி நின்னு பார்த்தேன். வரலை."

கைபேசியை என் மடியில் வைத்தான். கொஞ்ச நேரம் பேட்டரி அலமாரியையும் ஜெனரேட்டரையும் சுற்றிப் பார்த்தான். "இங்கேயா நாள் பூரா உட்கார்ந்திருக்க?" என்றான். மூன்று வருஷமாக டீ கொண்டு வருகிறவன். பிறகு கேட்டுக்குப் போக வேண்டும் என்று போய்விட்டான்.

பன்னிரண்டு ஆனது. அங்கே ஏஜெண்ட் பேப்பரோடு வந்திருப்பார். கையெழுத்து என்று பேருக்குத்தான், அவளுக்கு எழுத வராது, கட்டைவிரல் மைதான். நான் படிக்கக் கற்றுக்கொண்டதைக்கூட அவளிடம் சொன்னதில்லை, என்னவோ கூச்சம். ஒரு மணிக்குத் தேர்வு முடிந்து மேலே ஸ்விட்சை அணைத்தார்கள். பச்சை விளக்குகள் வரிசை வரிசையாக அடங்கின. அன்றைக்குக் கரண்டு ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை.

மறுநாள் மேடம் வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். வயரில் கோளாறு, சரிசெய்துவிட்டேன் என்று மேலே சொல்லிவிட்டாராம். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க அண்ணே," என்றார். சரி என்றேன். போன் வந்ததா என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை தேர்வு இல்லை. பத்து மணிக்கே கேட்டில் போய் நின்றேன். விசில் தன் ஸ்டூலை எனக்குத் தள்ளினான். நான் உட்காரவில்லை. பத்து முப்பத்தைந்துக்குப் போன் வந்தது.

"போட்டுட்டேங்க," என்றாள்.

"ம்."

"அன்னைக்கு யாரோ ஒரு அண்ணன் எடுத்தாரு. நல்ல மனுஷன். எனக்காக ஒரு பொய் சொன்னாரு."

"பொய் இல்லை. நான்தான் சொல்லச் சொன்னேன்."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்போ இப்போ சொல்லுங்க."

"இப்போ சொல்லி என்ன பண்றது? பேப்பர் போயிடுச்சே."

"பேப்பருக்காகக் கேக்கலை."

விசில் வருகைப் பதிவேட்டைத் திறந்து யாரும் வராத பக்கத்தை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தான். நான் மதில் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொன்னேன். பேட்டரி அலமாரியிடம் சொன்ன மாதிரி வரவில்லை, அதைவிட மோசமாக, துண்டு துண்டாக வந்தது. ஆனால் முழுசாக வந்தது.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ எண்களை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது. டிரைவர் ஏதோ கேட்டார்.

"ஒரு நிமிஷம் அண்ணே," என்று அவரிடம் சொன்னாள்.

அந்த ஒரு நிமிஷமும் அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. நானும் போனை வைக்கவில்லை.